சிறு அந்துப்பூச்சியின் பேரினத்தை மாற்றுவது எப்படி? தக்காளி ஊசிப்புழுவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தக்காளி பயிரிடுவோருக்கு ஊசிப்புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்று, வெளிறிய திட்டுகளை விட்டுச்செல்லும். காயில் குண்டூசி குத்தியது போன்ற துளைகளும் இதன் வேலைதான். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2006இல் ஸ்பெயினுக்குள் நுழைந்தது. அங்கிருந்து மத்தியதரைக் கடல் நாடுகள் வழியாகப் பரவி, 2014இல் இந்தியாவில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டுத் தக்காளி வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. அப்போது எல்லா அறிக்கையிலும் இதன் பெயர் டூட்டா அப்சொலூட்டா. 2021இல் உடற்கூற்றுப் பண்புகளை அலசிய ஓர் ஆய்வு இதை டூட்டா பேரினத்திலிருந்து எடுத்து, தோரிமேயா பேரினத்தில் வைத்தது. 1917இல் முதன்முதலாகப் பெயர் பெற்றபோது இது இருந்த இடமும் அதுதான்.

ஒரு சிற்றினத்தைப் பேரினம் மாற்றுவது என்றால் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில், எங்கே சறுக்கும் என்பதை இந்த ஒரு பூச்சியை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். பூச்சியியல் முதுகலை மாணவர்கள், அருங்காட்சியகச் சேகரிப்புகளில் வேலை செய்பவர்கள், வீட்டு விளக்கடியில் அந்துப்பூச்சிகளைப் படமெடுத்துத் தொடங்கி ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது.

தொடங்கும் முன் ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பேரினம் என்பது ஒத்த தோற்றம் உள்ளவற்றைச் சேர்த்துக் கட்டிய மூட்டை இல்லை; "இவை எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை" என்ற வாதம் அது. ஆகவே பேரினத்தை மாற்றும் ஒவ்வொருவரும் வம்சாவளி பற்றிய ஒரு வாதத்தை மறுத்து இன்னொன்றை வைக்கிறார்கள். கீழே வரும் படிகள் அத்தனையும் அந்த வாதத்துக்குச் சான்று சேர்ப்பதற்காகத்தான்.

முதல் படி: பெயரின் வரலாற்றைத் தோண்டுங்கள்

நுண்ணோக்கியைத் தொடும் முன் நூலகம். நம் பூச்சியின் கதை 1917இல் தொடங்குகிறது. எட்வர்ட் மெய்ரிக் இங்கிலாந்தின் மார்ல்பரோ கல்லூரியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆயிரக்கணக்கான சிறு அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் சூட்டியவர். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், 3,000 மீட்டருக்கு மேல் உள்ள ஹுவான்காயோவிலிருந்து வந்த பூச்சியை அவர் தோரிமேயா அப்சொலூட்டா என்று விவரித்தார். அது லண்டன் பூச்சியியல் கழகத்தின் இதழில் வெளியானது. மெய்ரிக் பிறப்புறுப்பை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லாதவர். கைலென்ஸில் தெரிந்த சிறகு நரம்புகளும் செதில் நிறங்களும் உணர்கொம்புகளும்தான் அவருடைய ஆதாரம். அவர் வைத்த பேரினங்களில் பல பின்னாளில் ஆட்டம் கண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதன்பின் இந்தப் பூச்சி பல வீடு மாறியது. 1960களில் நோரிமோஸ்கீமா என்ற பேரினத்துக்குப் போனது. செக் நாட்டுப் பூச்சியியலாளர் டாலிபோர் போவோல்னி 1964இல் இதை ஸ்க்ரோபிபால்புலாவில் வைத்தார். 1987இல் அவரே ஸ்க்ரோபிபால்புலாய்டிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார். 1994இல் மறுபடியும் அவரே டூட்டாவுக்குக் கொண்டுபோனார். இத்தனைக்கும் அவர் பிறப்புறுப்பை அறுத்துப் பார்க்காதவர் அல்லர். இந்தக் குழுவின் உடற்கூற்றை அவர் அளவுக்கு விரிவாகப் பார்த்தவர்கள் வெகு சிலரே. அறுத்துப் பார்ப்பது மட்டும் போதாது என்பதை நான்காம், ஐந்தாம் படிகளில் பார்ப்போம்.

உங்கள் சிற்றினத்துக்கும் இப்படி ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண்டு, எழுதியவர், அவர் காட்டிய காரணம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். காரணமே சொல்லாமல் மாற்றியிருந்தால் அதையும் குறியுங்கள். அது அடிக்கடி நடக்கும். பழைய இதழ்கள் பல 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மெய்ரிக்கின் பூச்சி என்றால் கூடுதலாக ஒரு புதையல் உண்டு. அவருடைய வகைமாதிரிகளை, அதாவது பெயர்களுக்கு ஆதாரமான மூலப் பூச்சிகளை, அமெரிக்கரான கேட்ஸ் கிளார்க் அறுத்துப் படமெடுத்து, 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். இலங்கை, தென்னிந்தியச் சிறு அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கும் மெய்ரிக்தான் பெயர் வைத்தார் என்பதால், நம் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு அந்தத் தொகுதிகள் இன்றும் கைவிளக்கு.

இரண்டாம் படி: வகைமாதிரியும் வகைச் சிற்றினமும்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. நிதானமாகப் பாருங்கள்.

ஒரு சிற்றினத்தின் பெயர் ஒரு குறிப்பிட்ட பூச்சியோடு, அதாவது வகைமாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு பேரினத்தின் பெயர் ஒரு குறிப்பிட்ட சிற்றினத்தோடு, அதாவது வகைச் சிற்றினத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் அடித்தளமே இதுதான். தோரிமேயாவை மெய்ரிக் 1902இல் அமைத்தார். அதன் வகைச் சிற்றினம் உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியான ஒபெர்குலெல்லா. டூட்டாவை 1910இல் கீஃபர், யோர்கென்சன் இருவரும் அர்ஜென்டினாவின் தாவர முடிச்சுகளைப் பற்றிய ஆய்வில் அமைத்தார்கள். அதன் வகைச் சிற்றினம் அட்ரிப்ளிசெல்லா. நோரிமோஸ்கீமாவின் வகைச் சிற்றினம் வட அமெரிக்காவில் சாலிடாகோ செடித் தண்டில் முடிச்சு உண்டாக்கும் காலேசொலிடாஜினிஸ். ஸ்க்ரோபிபால்புலாவுக்கு ஐரோப்பாவின் சைலெல்லா.

"அப்சொலூட்டா டூட்டாவைச் சேர்ந்ததா?" என்ற கேள்வியை இப்போது இப்படி மாற்றிக் கேளுங்கள்: "அப்சொலூட்டாவுக்கு நெருங்கிய உறவு அட்ரிப்ளிசெல்லாவா, ஒபெர்குலெல்லாவா, காலேசொலிடாஜினிஸா, சைலெல்லாவா?" இப்படிக் கேட்டவுடன் எந்தெந்தப் பூச்சிகளை மேசையில் வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். இடம்பெறக்கூடிய ஒவ்வொரு பேரினத்தின் வகைச் சிற்றினமும் உங்கள் ஆய்வில் கட்டாயம் இருக்க வேண்டும். பேரினத்திலுள்ள வேறு ஏதோ ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டு "இதுதான் டூட்டாவின் பண்பு" என்று எழுதினால் வாதம் நிற்காது. நீங்கள் பார்த்த பூச்சியே அந்தப் பேரினத்தில் தவறாக வைக்கப்பட்டதாக இருக்கலாம்.

வகைமாதிரியை நேரில் பார்க்க முடியாவிட்டால் அருங்காட்சியகத்துக்கு எழுதிப் படம் கேளுங்கள். பழைய வகைமாதிரிகள் பலவற்றின் வயிறு ஏற்கெனவே அறுக்கப்பட்டு, பிறப்புறுப்பு கண்ணாடிச் சில்லில் பதிந்திருக்கும். நல்ல படம் கேட்டால் பெரும்பாலும் அனுப்புவார்கள். அறுக்கப்படாத வகைமாதிரியை அறுக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

மூன்றாம் படி: மாதிரிகளைச் சேகரிப்பது

நம் பூச்சியின் விரித்த சிறகு முனைக்கு முனை சுமார் 10 மில்லிமீட்டர். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், முன்சிறகில் கருப்புப் புள்ளிகள். இப்படிப்பட்ட பூச்சிகள் இதன் குடும்பமான கெலெக்கிடேயில் ஏராளம். 4,700க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்ட குடும்பம் அது. பெரும்பாலானவை சாம்பலும் பழுப்புமாகவே இருக்கும். செதில் உதிர்ந்துவிட்டால் நிபுணராலும் வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இனக்கவர்ச்சிப் பொறியில் மாட்டிய பூச்சிகள் எண்ணிக்கை பார்க்கப் பயன்படும். வகைப்பாட்டுக்கு அவ்வளவாக உதவாது. பசையில் ஒட்டிச் சிறகு பாழாகியிருக்கும், வருவதும் ஆண் பூச்சிகள் மட்டுமே. சிறந்த வழி வளர்த்தெடுப்பது. புழு இருக்கும் இலையைக் காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்து, கூட்டுப்புழுவாகி அந்து வெளிவரும்வரை காத்திருங்கள். அப்போது ஆணும் பெண்ணும் ஒரே சிற்றினம் என்ற உறுதி கிடைக்கும். உண்ட செடி எதுவென்று ஐயமின்றித் தெரியும். புழுவின் பண்புகளும் கைக்கு வரும். சிறு அந்துப்பூச்சிகளில் ஆணை ஒரு பெயரிலும் பெண்ணை இன்னொரு பெயரிலும் விவரித்த வரலாறு உண்டு. வளர்த்தெடுத்த மாதிரிகள்தான் அதற்கு மருந்து.

சில புழுக்களைச் சூடான நீரில் அமிழ்த்திக் கொன்று சாராயத்தில் (எத்தனால்) வையுங்கள். நேரடியாகச் சாராயத்தில் போட்டால் கறுத்துச் சுருங்கும். புழுவிலும் நல்ல அடையாளம் இருக்கிறது. அப்சொலூட்டாவின் தலைக்குப் பின்னுள்ள முதல் மார்புத் தகட்டில் பின்விளிம்பை ஒட்டி மட்டும் குறுகிய கரும்பட்டை இருக்கும். ஒபெர்குலெல்லாவில் அந்தத் தகடு முழுவதுமே கருமை.

முதிர்ந்த பூச்சியை வெளிவந்து சில மணி நேரம் கழித்துக் கொல்லுங்கள். அதற்குள் சிறகு கெட்டிப்பட்டிருக்கும். மிக மெல்லிய குத்தூசியில் குத்திச் சிறகை விரியுங்கள். சிற்றினம் ஒன்றுக்கு ஆணிலும் பெண்ணிலும் குறைந்தது ஐந்து இருந்தால் நல்லது. இடம், நாள், செடி, சேகரித்தவர் இத்தனையும் சீட்டில் ஏற வேண்டும். சீட்டில்லாத பூச்சியால் ஆய்வுக்குப் பயன் கிடையாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சேகரித்த மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வாளருக்கு அனுப்பும் முன் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அதைக் கவனிக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட காடுகளில் சேகரிக்க வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். ஒப்பிட மாதிரி தேடுகிறவர்கள் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம், கொல்கத்தாவின் இந்திய விலங்கியல் ஆய்வகம், டெல்லியின் பூசா சேகரிப்பு ஆகியவற்றை அணுகலாம்.

நான்காம் படி: அறுத்துப் பார்ப்பது

இந்த வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அந்துப்பூச்சிகளின் பிறப்புறுப்பு கெட்டியான கைட்டின் தகடுகளாலும் கொக்கிகளாலும் ஆனது. சிறகில் வேறுபாடே தெரியாத இரண்டு சிற்றினங்கள் இங்கே பளிச்சென்று பிரிந்து நிற்கும்.

முதலில் பூச்சியைச் சிறகு விரித்த நிலையில் படமெடுங்கள். பிறகு வயிற்றின் நுனியை இடுக்கியால் மெதுவாக மேல்நோக்கி அழுத்தினால் வயிறு மார்பிலிருந்து தனியே உடைந்துவரும். அதை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுங்கள். சிறு சோதனைக் குழாயில் வைத்து வெந்நீரில் சில நிமிடம் நிறுத்தலாம். அவசரம் இல்லாவிட்டால் அறை வெப்பத்தில் ஓர் இரவு விடலாம். இவ்வளவு சிறிய பூச்சிக்கு நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். சூட்டில் ஒரு நிமிடம் கூடினாலும் மென்சவ்வுகள் கரைந்துபோகும். கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

தசையும் கொழுப்பும் கரைந்ததும் வயிற்றைத் தண்ணீருக்கு மாற்றி, மெல்லிய தூரிகையால் செதில்களைத் தள்ளுங்கள். அப்படித் தள்ளும்போதே எட்டாம் வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். முடிக்கற்றையோ வாசனைச் செதிலோ இருந்தால் அதுவும் ஒரு பண்பு, துடைத்தெறிந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. பிறகு நீர்த்த சாராயத்தில் வைத்து, இரண்டு நுண்ஊசிகளால் எட்டாம் வளையத்தின் ஓரமாகச் சவ்வைக் கிழித்துப் பிறப்புறுப்பைப் பிரித்தெடுங்கள்.

ஆண் பூச்சியில் பார்க்க வேண்டியவை இவை. முதுகுப்புறம் டெகுமன் என்ற கூரை, அதன் நுனியில் அன்கஸ் என்ற நீட்சி. அதற்குக் கீழே நேதோஸ் என்ற கெட்டியான உறுப்பு. இரு பக்கமும் பெண்ணைப் பற்றும் வால்வா. அடியில் வின்குலம் என்ற வளையம், அதிலிருந்து முன்னோக்கி நீளும் சாக்கஸ். நடுவே விந்தைச் செலுத்தும் குழலான ஃபாலஸ். அப்சொலூட்டாவில் வால்வா விரல்போல் நீண்டு, நுனியில் மயிர் அடர்ந்து, உள்விளிம்பின் நடுவில் நன்றாகப் புடைத்த ஒரு மடலோடு இருக்கும். நேதோஸ் அகன்று முனை உருண்டிருக்கும். ஃபாலஸ் தடித்து, அதன் அடிப்பகுதி ஒரு பைபோல் தெளிவாக நீட்டிக்கொண்டிருக்கும். வட அமெரிக்காவில் தக்காளியையே தின்னும் கெய்ஃபேரியா லைக்கோபெர்சிசெல்லா வெளிப்பார்வைக்கு இதோடு குழப்பும். துறைமுகத் தனிமைப்படுத்தல் நிலையங்களில் ஆண் பூச்சியின் வால்வாவையும் நேதோஸையும் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள்.

பெண்ணில் கருமுட்டை இடும் நுனி, அதைத் தாங்கும் இரண்டு இணைக் கம்பிகள், புணர்ச்சித் துளை, அதிலிருந்து உள்ளே போகும் குழாய், குழாய் முடியும் பையான கார்பஸ் பர்சே, அந்தப் பையின் சுவரில் இருக்கும் சிக்னம் என்ற கெட்டியான முள் ஆகியவற்றைப் பாருங்கள். பை கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் சாயம் ஏற்றாமல் தெரியாது. குளோரசால் பிளாக் ஒரு துளி போதும், சில நொடிகளில் ஏறிவிடும்.

பலரும் அவசரப்படும் இடம் ஒன்று உண்டு. பிறப்புறுப்பை உடனே கண்ணாடிச் சில்லில் நசுக்கிப் பதிந்துவிடுவார்கள். முப்பரிமாண உறுப்பைத் தட்டையாக்கினால் வால்வாவின் மடல் எந்தப் பக்கம் வளைகிறது, சாக்கஸ் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதெல்லாம் மறைந்துவிடும். நசுங்கிய கோணம் மாறினால் ஒரே சிற்றினத்தின் இரண்டு சில்லுகள் இரண்டு சிற்றினம்போல் காட்சி தரும். எனவே முதலில் கிளிசரினில் மிதக்கவிட்டுப் பக்கவாட்டிலும் வயிற்றுப்புறத்திலும் பின்புறத்திலும் பார்த்து வரையுங்கள், படமெடுங்கள். அதன்பிறகே சாராயத்தில் நீர் நீக்கி யூபரால் பிசினில் நிரந்தரமாகப் பதியுங்கள். ஃபாலஸைத் தனியே எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சில்லுக்கு ஓர் எண் கொடுத்து, அதே எண்ணைப் பூச்சியின் ஊசியிலும் சீட்டாகச் செருகுங்கள். இந்த இணைப்பு அறுந்தால் சில்லும் பூச்சியும் இரண்டுமே பயனற்றுப்போகும்.

பிறப்புறுப்போடு நின்றுவிடாதீர்கள். தலையில் மேல்நோக்கி வளைந்த உதட்டு உணரிகள், செதில் மூடிய உறிஞ்சுகுழலின் அடி, சிறகு நரம்புகள், பின்சிறகின் வடிவம் எல்லாம் பாருங்கள். ஒபெர்குலெல்லா ஆணின் பின்சிறகு அடியில் ஒரு மயிர்க்கற்றை இருக்கும். சிறகில் ஒரு பண்பும் கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டவர் இதைத் தவறவிடுவார்.

ஐந்தாம் படி: பார்த்ததைப் பண்பாக மாற்றுவது

கண்ணால் பார்த்ததெல்லாம் சான்று ஆகிவிடாது. இரண்டு பூச்சிகளில் ஒரே உறுப்பைத்தான் ஒப்பிடுகிறோமா என்பது முதல் கேள்வி. வால்வாவின் உள்விளிம்பில் ஒரு பூச்சிக்கு மடல், இன்னொரு பூச்சிக்கு வின்குலத்தின் ஓரத்திலிருந்து ஒரு நீட்சி; இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம், ஆனால் முளைத்த இடம் வேறு. எந்தத் தகட்டோடு சேர்ந்திருக்கிறது, எந்தத் தசை அதில் ஒட்டுகிறது, அண்டை உறுப்புகளோடு அதன் இடம் என்ன என்று பார்த்தே ஒன்றென்று சொல்ல வேண்டும். இந்தக் குழுவில் உறுப்புப் பெயர்களை ஒவ்வோர் ஆய்வாளரும் சற்றே வேறுவிதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பழைய கட்டுரையின் சொல்லை அப்படியே எடுக்காமல் படத்தைப் பார்த்து எடுங்கள்.

பிறகு அட்டவணை. இடப்பக்கம் சிற்றினங்கள், மேலே பண்புகள். "வால்வாவின் உள்விளிம்பில் மடல்: இல்லை 0, உண்டு 1" என்பதுபோல ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புங்கள். மடலே இல்லாத பூச்சிக்கு "மடலின் வடிவம்" என்ற பண்பு பொருந்தாது. அங்கே கோடு போடுங்கள். பெண் கிடைக்காததால் பார்க்க முடியவில்லை என்றால் கேள்விக்குறி. கணினி நிரல்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அடுத்த ஆய்வாளருக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டும். "நீளம்", "சற்று நீளம்" என்று எழுதாமல் விகிதம் அளந்து எழுதுங்கள். ஒன்றோடொன்று பின்னிய பண்புகளை இரண்டாக எண்ணாதீர்கள். வால்வா நீண்டால் கூடவே டெகுமனும் நீள்கிறது என்றால் அது ஒரே மாற்றத்துக்கு இரண்டு ஓட்டு போட்டதாகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியம், ஒற்றுமைகளைத் தரம் பிரிப்பது. ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் வகுத்த முறை இது. முன்னோரிடமிருந்து எல்லோருக்கும் வந்த பழைய பண்பு, நெருங்கிய உறவுக்குச் சான்று ஆகாது. ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி அந்தக் கிளையாரிடம் மட்டும் இருக்கும் பண்புதான் சான்று. நம் பூச்சியிலேயே இதைப் பார்க்கலாம். பெண்ணின் சிக்னம் கொக்கி வடிவில் வளைந்திருக்கிறது. தோரிமேயாவிலும் கொக்கி வடிவம்தான் என்று யாராவது மகிழ்ந்தால் அவசரப்படாதீர்கள். கொக்கி வடிவச் சிக்னம் இந்தப் பேரினங்கள் எல்லாம் அடங்கிய நோரிமோஸ்கீமினி என்ற பெருங்குழு முழுவதிலும் பரவலாக இருக்கிறது. அந்தப் பெருங்குழுவில் நம் பூச்சிக்கு இடம் உண்டு என்பதை மட்டுமே அது சொல்லும். எந்தப் பேரினம் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

எது பழையது, எது புதியது என்று அறிய வெளிக்குழு தேவை. பெருங்குழுவுக்கு வெளியே, ஆனால் அதே குடும்பத்தில், குறைந்தது இரண்டு மூன்று பூச்சிகளைச் சேருங்கள். அவற்றிலும் காணப்படும் நிலை பழையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரு சிற்றினத்தை அறுத்துப் பார்த்து, "இது அதைப்போல் இருக்கிறது" என்று கண்மதிப்பில் இடம் மாற்றியதால்தான் அப்சொலூட்டா இத்தனை பேரினம் அலைந்தது என்பது என் கருத்து. போவோல்னி வேறுபாடுகளைக் கூர்மையாகக் கண்டவர். ஆனால் வேறுபாடு பிரிக்க மட்டுமே உதவும். எதோடு சேர்ப்பது என்று சொல்லப் பகிர்ந்த புதுப்பண்பு வேண்டும்.

ஆறாம் படி: கிளைமரம் வரைவது

அட்டவணையிலிருந்து மரத்தை, அதாவது எது எதோடு உறவு என்று காட்டும் வரைபடத்தை, கையால் போட முடியாது. நான்கு சிற்றினங்களுக்கு வேருள்ள மரங்கள் 15 வகையாகச் சாத்தியம். பத்துச் சிற்றினங்களுக்கு 3.44 கோடிக்கும் மேல். மெஸ்கீட் என்ற இலவச நிரலில் அட்டவணையைத் தட்டச்சு செய்து, டி.என்.டி. என்ற நிரலில் மிகக் குறைந்த மாற்றங்களில் எல்லாப் பண்புகளையும் விளக்கும் மரத்தைத் தேடலாம். டி.என்.டி. வில்லி ஹென்னிக் கழகத்தின் ஆதரவில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரே மரம் வந்தால் நல்லது. பல மரங்கள் சம மதிப்பில் வந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான கிளைகளை மட்டும் நம்புங்கள். ஒவ்வொரு கிளையையும் எந்தப் பண்புகள் தாங்குகின்றன என்று பட்டியலிடுங்கள். ஒரே ஒரு பண்பு தாங்கும் கிளையை வைத்துப் பெயர் மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன், அதுவும் அந்தப் பண்பு மரத்தில் வேறு இடங்களிலும் தோன்றி மறைகிறது என்றால். கிளை எவ்வளவு உறுதியானது என்று காட்டும் பூட்ஸ்ட்ராப், பிரெமர் மதிப்புகளைப் போடுங்கள்; ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டு உறுப்பை மறந்துவிடாதீர்கள். பூச்சி சிறிதாகும்போது உறுப்புகள் எளிமையாகி, நரம்புகள் மறைந்து, தொடர்பில்லாத கிளைகள் ஒன்றுபோல் தோன்றும். இப்படி இழந்த பண்புகளை ஒரு தனிச்சுற்றில் நீக்கிவிட்டு மரம் மாறுகிறதா என்று பாருங்கள்.

டி.என்.ஏ. கிடைத்தால் சேருங்கள். சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துப் பட்டைக்குறி சிற்றினங்களைப் பிரிக்க வல்லது. பேரினங்களின் ஆழமான உறவைச் சொல்ல அது ஒன்றே போதாது. மேலும், நூறு ஆண்டு பழைய வகைமாதிரிகளிலும் அரிய வகைச் சிற்றினங்களிலும் நல்ல டி.என்.ஏ. எடுப்பது கடினம். உடற்கூறு எல்லா மாதிரிகளிலும் கிடைக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வேலையில் அதற்கு இணை இல்லை.

2021இல் சாங், மெட்ஸ் இருவரும் உடற்கூற்றுப் பண்புகளைக் கிளைவழிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தித்தான் அப்சொலூட்டாவைத் தோரிமேயாவில் வைத்தார்கள். வாஷிங்டன் பூச்சியியல் கழகத்தின் இதழில் அது வெளியானது. முந்தைய மாற்றங்களிலிருந்து இதைப் பிரிப்பது இதுதான்: யார் வேண்டுமானாலும் அட்டவணையை எடுத்து, ஒரு கட்டத்தைத் திருத்தி, முடிவு மாறுகிறதா என்று சோதிக்கலாம்.

ஏழாம் படி: மாற்றலாமா, வேண்டாமா?

மரம் வந்ததும் மூன்று கேள்விகள். உங்கள் சிற்றினம் எந்த வகைச் சிற்றினத்தோடு ஒரே கிளையில் இருக்கிறது? அதை அங்கே சேர்த்தால் அந்தப் பேரினம் ஒரே மூதாதையின் முழு வாரிசுகளாக நிற்கிறதா? அது விட்டுச்சென்ற பழைய பேரினம் இன்னும் முழுமையாக இருக்கிறதா? மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. ஒன்றைப் பிடுங்கியதில் பழைய பேரினம் சிதறிப்போனால் நீங்கள் சிக்கலைத் தீர்க்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறீர்கள்.

எங்கும் பொருந்தவில்லை என்றால் புதிய பேரினம் அமைக்கும் ஆசை வரும். அதை அடக்குங்கள். ஒற்றைச் சிற்றினத்துக்கு ஒரு பேரினம் என்று அமைத்தால் அதன் உறவைப் பற்றி நீங்கள் எதையும் சொல்லவில்லை. சான்று தெளிவாக இல்லாதபோது பூச்சியை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, ஐயத்தைக் கட்டுரையில் எழுதுவதே நேர்மை. பூச்சியின் பெயர் விவசாயிக்கும் தனிமைப்படுத்தல் அதிகாரிக்கும் மருந்து ஆய்வாளருக்கும் பொதுவானது. அரைகுறைச் சான்றில் அதைக் குலைக்கும் உரிமை நமக்கு இல்லை.

இரண்டு பேரினங்கள் ஒன்றே என்று தெரியவந்தால் முந்தைய பெயரே நிற்கும். 1902இன் பெயரும் 1910இன் பெயரும் மோதினால் 1902தான். சேர்க்கும் பேரினத்தில் அதே சிற்றினப் பெயர் ஏற்கெனவே வேறு பூச்சிக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பிந்தைய பெயரை மாற்ற வேண்டிவரும். லத்தீன் பால் பொருத்தமும் உண்டு. அப்சொலூட்டா பெண்பால், தோரிமேயா, டூட்டா இரண்டும் பெண்பால் என்பதால் சிக்கல் இல்லை. நோரிமோஸ்கீமா அலிப்பால், விதிப்படி அங்கே ஈறு மாறியிருக்க வேண்டும். அந்துப்பூச்சியியலாளர்கள் பலர் முதலில் எழுதிய வடிவத்தையே வைத்துக்கொள்கிறார்கள். எதைப் பின்பற்றினாலும் கட்டுரை முழுதும் ஒரே சீராகப் பின்பற்றுங்கள்.

அடைப்புக்குறியைக் கவனியுங்கள், சின்ன விஷயம்போல் தெரியும். சிற்றினம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்தை விட்டு மாறினால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குள் போகும்: டூட்டா அப்சொலூட்டா (மெய்ரிக், 1917). மூலப் பேரினத்துக்கே திரும்பினால் அடைப்பு நீங்கும்: தோரிமேயா அப்சொலூட்டா மெய்ரிக், 1917. அடைப்பைப் பார்த்தே பெயருக்குப் பின்னால் ஓர் இடமாற்றம் இருப்பதை வாசகர் அறிந்துகொள்வார்.

எட்டாம் படி: வெளியிடுவது

கட்டுரையில் பழைய பெயர்கள் முழுவதும் ஆண்டு வரிசையில் வர வேண்டும். "புதிய இணைப்பு" அல்லது, முன்பே யாரோ வைத்த இடத்துக்குத் திரும்புகிறது என்றால், "மீட்டெடுத்த இணைப்பு" என்று வெளிப்படையாக எழுதுங்கள். பண்பு அட்டவணை முழுமையாக வெளியிடப்பட வேண்டும். பிறப்புறுப்புப் படங்கள் அளவுக்கோலோடு இருக்க வேண்டும். பார்த்த ஒவ்வொரு மாதிரியின் சில்லு எண்ணும், அது இருக்கும் சேகரிப்பின் பெயரும் வேண்டும். சொந்த அலமாரியில் வைக்காமல் பொதுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். மின்னிதழில் மட்டும் வெளியாகும் ஆய்வில் புதிய பெயர்கள் இருந்தால், 2012 முதல் அந்த ஆய்வு விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் பதிவேட்டில் ஏற வேண்டும். பேரின மாற்றத்துக்கு மட்டும் தனிப் பதிவு கேட்கப்படுவதில்லை.

பயிர்ப் பூச்சியாக இருந்தால் வேலை இதோடு முடியாது. தோரிமேயா என்ற பெயர் மாற்றத்தால் ஊசிப்புழு இப்போது நீலகிரி உருளைக்கிழங்கில் சேதம் செய்யும் ஒபெர்குலெல்லாவோடு ஒரே பேரினத்தில் நிற்கிறது. அந்தப் பூச்சி 1906இல் இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு இந்தியாவுக்குள் நுழைந்தது. இரண்டும் கத்தரிக் குடும்பச் செடிகளின் இலையைக் குடைபவை. ஒன்றின் ஒட்டுண்ணிக் குளவிகள், எதிர்ப்புத்திறன், உணவுச் செடிகள் பற்றிய நூறாண்டு ஆய்வில் இன்னொன்றுக்கு எதெல்லாம் பொருந்தும் என்று தேட இந்த இடமாற்றம் வழி காட்டுகிறது. ஆனால் பழைய பெயரில் தேடுபவருக்குப் புதிய கட்டுரைகள் கிடைக்காமல் போகும் அபாயமும் இருக்கிறது. எனவே விவசாயத் துறை அறிக்கை, பொறிகளின் உறைச்சீட்டு, மாணவர் ஆய்வேடு எதுவானாலும் சில ஆண்டுகளுக்கு இரண்டு பெயர்களையும் சேர்த்தே எழுதுங்கள். ஐரோப்பியத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு பூச்சிகளுக்குத் தரும் குறியீடு இந்த இடமாற்றங்களால் மாறாதது. இந்தப் பூச்சிக்கு அது GNORAB. நோரிமோஸ்கீமா (Gnorimoschema) என்ற பழைய பேரினத்தின் முதல் நான்கு எழுத்துகள் அதில் இன்னும் அப்படியே இருக்கின்றன. தனிமைப்படுத்தல் ஆவணங்களில் பெயரோடு அந்தக் குறியீட்டையும் சேர்த்துவிட்டால் எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே பூச்சிக்கு வந்து சேரலாம்.